ஆண்டவருடைய டின்

நவம்பர் 4, செவ்வாய்

இது போன வருடத்து அறிவியல் ரெக்கார்டு நோட்டு. முதல் பதினெட்டுப் பக்கங்களில் தவளையும் செம்பருத்தியும் இருக்கின்றன. அதைத் தாண்டி யாரும் புரட்ட மாட்டார்கள் என்று நம்பி இங்கே எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு, அடுக்களையில், கதவைச் சாத்திக்கொண்டு. யாராவது கேட்டால் அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்வதாக ஏற்பாடு.

அம்மா படுத்துவிட்டாள். தூங்குவதற்கு இல்லை. டாக்டரம்மா படுக்கச் சொல்லிவிட்டார். ஏழாவது மாதம், பிள்ளை ரொம்பக் கீழே இருக்கிறதாம், கழிப்பறைக்குத் தவிர எழுந்திரிக்கக் கூடாதாம். அப்பா முன்னறைக் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டார். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். எதையும் தூக்கிக் கட்டுவதில் கெட்டிக்காரர். சாய்ந்து நிற்கும் கட்டிலை ஒன்றாம் வகுப்பு தபி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, அதுல சறுக்கு விளையாடலாமா?" என்று கேட்டாள். தபி என் தங்கை. முழுப்பெயர் தபித்தாள். நான் எப்சிபா, ஒன்பதாம் வகுப்பு, இன்று முதல் இந்த வீட்டுச் சமையல்காரி.

எனக்குத் தெரிந்த சமையல்: டீ, முட்டை, இன்னொரு விதமான முட்டை.

பயமாக இருக்கிறது. ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்ட தம்பியைப் பற்றியும் எழுத மாட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

அம்மா படுத்துக்கொண்டே சமைக்கிறாள். கை மட்டும் என்னுடையது.

"கடுகு வெடிச்சிட்டு, வெங்காயத்தைப் போடு."

"போட்டாச்சு."

"பொய் சொல்லாத. போட்டா சத்தம் வரும்."

ஐந்து நிமிடம் கழித்து, "அடி பிடிக்குது பாரு." ஓடிப்போய்ப் பார்த்தால் பிடித்துத்தான் இருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "படுத்திருக்கது நான். மூக்கு படுக்கல" என்றாள்.

இன்றைய கூட்டில் உப்பு இல்லை. நேற்றையதில் இருந்தது அதிகம் என்பதால் அப்பா இரண்டையும் கலந்து சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. அப்பா குறை சொல்லாமல் இருப்பது கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

அம்மா ஒன்றே ஒன்றைத்தான் தினமும் இரண்டு தடவை கேட்கிறாள்: "பிடி அரிசி எடுத்தியாட்டி?"

எடுத்தேன். சமைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இன்னொரு டின்னில் போட வேண்டும். அது ஆண்டவருடைய டின். எங்கள் சுகிர்தபுரத்தில் சபையார் வீடுகளில் எல்லாம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயிலில், அதாவது சர்ச்சில், கொண்டுபோய்ப் படைப்போம். பிள்ளைகள் விடுதிக்குப் போகும். அம்மா பிடியை வெறுமனே போட மாட்டாள். கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டுத்தான் கையைத் திறப்பாள். அப்பா உயரக் கம்பத்தில் ஏறுகிற நாளுக்கு ஒரு பிடி. வேலை கிடைக்காத தாவீது மாமாவுக்கு ஒரு பிடி. என் கணக்குப் பரீட்சைக்கு மட்டும் இரண்டு. கொஞ்ச மாதமாக என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டுமா என்ன, வயிற்றைப் பார்த்தாலே தெரிகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

ரத்தினபாய் அத்தை வந்தார். எனக்குச் சொந்த அத்தை இல்லை, ஊருக்கே அத்தை. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர். வந்ததும் ஜெபித்தார். ஜெபித்து முடித்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார்.

"ஏ பிள்ள, இது அடுக்களையா, பழைய இரும்பு ஆக்கர் கடையா?"

அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, துடைத்து, அவருக்குச் சரி என்று பட்ட வரிசையில் திரும்ப அடுக்கினார். இப்போது மஞ்சள்தூளைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. போகும்போது, "சோறு மட்டும் நீ வடி. குழம்பு நாங்க முறைவச்சுத் தாரோம். ஒம் படிப்பு கெடக்கூடாது" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது, ஆனால் நல்லதாக இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

முறை வைத்ததில் ஏதோ குழப்பம். ஐந்து வீட்டிலிருந்து குழம்பு வந்தது. ஐந்தும் சாம்பார்.

நவம்பர் 11, செவ்வாய்

சாம்பார்.

நவம்பர் 12, புதன்

இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அரிசிக்கு ஒரே மாதிரி இரண்டு தகர டின். பேக்கரியில் வாங்கியவை. ஆண்டவருடைய டின்னில் மட்டும் சபைக் காலண்டரிலிருந்து வெட்டிய சிலுவைப் படம் ஒட்டியிருக்கும். ரத்தினபாய் அத்தை புளி போட்டுத் தேய்த்ததில் படம் போய்விட்டது. அத்தை டின்களை இடம் மாற்றியும் வைத்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. முன்னால் இருந்த டின்னில் அரிசி எடுத்தேன், பின்னால் இருந்த டின்னில் பிடி அரிசி போட்டேன். திங்கள், செவ்வாய், புதன்.

இன்று மாலை அளக்கும்போது படி டின்னின் அடித்தகரத்தில் உரசியது. பின்னால் இருந்த டின்னைத் திறந்தேன். விளிம்புவரை இருந்தது, போன சனிக்கிழமை அப்பா மூட்டையிலிருந்து கொட்டியது. அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளாக ஆண்டவருடைய அரிசியை வடித்துத் தின்றுவிட்டு, அதிலிருந்து எங்களுக்குப் பிடி அரிசி போட்டிருக்கிறேன்.

அரிசியைத் திருப்பிக் கொட்டிவிடலாம். எங்கள் டின்னிலிருந்து அள்ளிப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது வெறும் அரிசி. ஆகஸ்டிலிருந்து அம்மா ஒவ்வொரு பிடியாக அந்தப் பிள்ளைக்காகச் சொல்லிச் சொல்லிப் போட்டதையெல்லாம் நாங்கள் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டோம். அதை எங்கிருந்து அள்ளுவது?

ஞாயிறு பள்ளியில் டெய்சி டீச்சர் சொன்ன கதை ஞாபகம் வருகிறது. காணிக்கையில் கொஞ்சத்தை ஒளித்துவைத்தவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதை. நாங்கள் ஒளிக்கவில்லை. ஆனால் ஒளிப்பதைவிடத் தின்பது மோசம் என்று தோன்றுகிறது.

நவம்பர் 13, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. தபியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பொன்மலர் அக்கா நின்றார். அம்மாவுக்கு இரத்தம் பட்டுவிட்டதாம், மதியமே காரில் கொண்டுபோய்விட்டார்களாம்.

"ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றார் அக்கா.

ஒன்றுமில்லாததற்கு யாராவது கார் பிடிப்பார்களா.

நவம்பர் 14, வெள்ளி

நான்தான்.

நவம்பர் 15, சனி

அம்மாவும் பிள்ளையும் இருக்கிறார்கள். இரத்தம் நின்றுவிட்டது. பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி போட்டிருக்கிறார்களாம். அப்பா போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்டார். பேச்சு வராதபோது அப்பா கரண்ட் இருக்கிறதா என்று கேட்பார்.

முடிவு செய்துவிட்டேன். அள்ளிக் கொட்ட மாட்டேன். ஒவ்வொரு பிடியாகத்தான் போடுவேன், ஒவ்வொன்றுக்கும் சொல்லித்தான் போடுவேன். சமைக்கும்போது மட்டும் போட்டால் ஒரு நாளைக்கு இரண்டுதான் சேரும். அதனால் காலையில் எழுந்ததும் ஒன்று, பல் தேய்த்ததும் ஒன்று, பள்ளிக்கூடம் போகும்போதும் வந்ததும் ஒவ்வொன்று, விளக்கு வைத்ததும் படுக்கும் முன்னும் ஒவ்வொன்று. கோயிலில் படைக்கிற நாள் முப்பதாம் தேதி.

அம்மாவைப் போல உதட்டை மட்டும் அசைக்க எனக்கு வரவில்லை. சத்தமாகத்தான் வருகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. பழையபடி செங்கல், பழையபடி மூக்கு. வந்து அரை மணி நேரத்தில், "யாரு வெந்தயத்தைக் கருக்குனது?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அடுக்களையில் உட்கார்ந்துவிட்டேன். வெந்தயத்தின் புகைதான் கண்ணில் பட்டது.

நவம்பர் 20, வியாழன்

தபி கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, நீ ஏன் எப்பப் பாத்தாலும் அரிசிட்டப் பேசுத?"

"அரிசிட்ட இல்ல. ஜெபம்."

"நானும் போடுதேன்."

வேண்டாம் என்றால் அம்மாவிடம் போய்ச் சொல்வாள். சரி என்றேன். அவள் கைக்கு இருபது அரிசிதான் பிடிக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆண்டவரே, பாப்பாவுக்கு முடி முளைக்கணும். எங்க மிஸ்ஸுக்கு நாளைக்கு மட்டும் காய்ச்சல் வரணும். ஆமென்" என்றாள். மிஸ்ஸுக்காகப் போட்ட பிடியைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்க ஆள் இல்லை.

நவம்பர் 22, சனி

வீட்டில் ஜெபக்கூட்டம். சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் கட்டிலைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் சாய்வாக உயரத்தில் இருந்தாள், ஏதோ தேரில் வந்தவள் மாதிரி. ரத்தினபாய் அத்தை ஜெபிக்க ஆரம்பித்தபோது நான் பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்கி, வழிந்து, அடுப்பு அணைந்து, மறுபடி பற்றவைத்து, டீ போட்டு, ஆற்றி, தட்டில் அடுக்கி முடித்தேன். அத்தை அப்போதும் நோயாளிகள் பகுதியைத் தாண்டி ஊர்த் தலைவர்கள் பகுதிக்குத்தான் வந்திருந்தார்.

டீ கொடுக்கும்போது அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, "ஜெயசீலி, நீ போட்ட ஜெபம் ஒண்ணுகூட வீணாப் போகாதுட்டி" என்றார்.

அம்மா சுவரைப் பார்த்தாள். நான் டீத்தட்டைப் பார்த்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

டின் கால்வாசி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. சில சமயம் சொன்னதையே சொல்கிறேன். பிள்ளை சாகக் கூடாது, அம்மா சாகக் கூடாது. வேறு எதுவும் வரவில்லை.

அடுக்களைக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. தாழ்ப்பாள் இளகியிருக்கிறது. அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 29, சனி

மாலை அம்மா கூப்பிட்டாள். "நாளைக்குப் படைக்கணும்லா. அந்த டின்னை இங்கன கொண்டா, பாப்போம்."

"நிறைய இருக்கும்மா."

"எவ்வளவுன்னு பாக்கணும். ஆகஸ்டுலேருந்து போட்டது. ஒனக்குத் தூக்க முடியாது, அப்பாவைக் கூப்பிடு."

நான் ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். அது போதும். அம்மா டின்னைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். படம் உரிந்தது, டின் மாறியது, மூன்று நாள் தின்றது, மறுநாளே இரத்தம் பட்டது, எல்லாம். "ஒன் ஜெபத்தையெல்லாம் நான் சமைச்சுட்டேன்" என்றும் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் கட்டிலே ஆடும்படி.

"அம்மா, சிரிக்காத. ஆடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஆண்டவர்ட்டேருந்து எடுத்து நமக்குப் பிடி அரிசி போட்டியா? மூணு நாளா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நானும் சிரித்துவிடுவேன் போலிருந்தது. அப்போது பார்த்தேன், அம்மாவின் கண்ணிலிருந்து காதுப்பக்கம் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கால்மாடு உயரமாக இருப்பதால் அது அப்படித்தான் ஓடும்.

"அதுல ஒண்ணுமே இல்லட்டி" என்றாள்.

"எதுல?"

"அந்த அரிசியில. இந்தப் பிள்ளைக்காக ஒரு பிடிகூட இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"போன தடவை எவ்வளவு கேட்டேன். ஒவ்வொரு பிடிக்கும் கேட்டேன். இந்தத் தடவை பிடியை எடுப்பேன், கண்ணை மூடுவேன், வாய் வராது. கேட்டு, மறுபடி இல்லன்னு சொல்லிட்டாருன்னா?" கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "போடாம இருக்கவும் மனசு வரல. அதனால போட்டேன்."

"உதடு அசைஞ்சுதே. நான் பாத்தேனே."

"ஒண்ணு ரெண்டு எண்ணுவேன். பத்து வரைக்கும். நீயும் தபியும் பாத்துட்டு நிப்பீங்கள்லா."

இத்தனை மாதம் அம்மா அடுப்பங்கரையில் நின்று பத்து வரை எண்ணியிருக்கிறாள். நான் கோபப்பட வேண்டுமா, பாவப்பட வேண்டுமா என்று தெரியாமல் டின்னின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

"அப்ப இது?" அம்மா டின்னைக் காட்டினாள். "இந்தக் கால் டின் ஏது?"

"இது நான் போட்டது. ஒவ்வொண்ணுக்கும் சொல்லித்தான் போட்டேன். கொஞ்சம் தபி போட்டது. அதுல ஒண்ணு அவ மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வரச் சொல்லி."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன்.

"தினமுமா?"

"ஒரு நாளைக்கு எட்டுத் தடவை."

"அம்மாடி" என்றாள் அம்மா. "அவருக்கே அலுத்திருக்கும்."

பிறகு டின்னை இரண்டு கையாலும் இழுத்துக் கட்டிலின் மேல், தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்பா வந்து குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிக்கும்வரை அதை இறக்கவே இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

நானே கொண்டுபோனேன். ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் சங்கத்துப் பெண்கள் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நாம் கொட்ட வேண்டும். என் முறை வந்ததும் ரத்தினபாய் அத்தை டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ள, ஜெயசீலி வீட்டுலேருந்து இவ்வளவுதானா?"

பொய் தயாராக வைத்திருந்தேன். ஆனால் நேற்று ஒரு தடவை உண்மையைச் சொன்ன வாய், அதுவாகவே சொல்லிவிட்டது. "டின் மாறிப்போச்சு அத்தை. மூணு நாளு ஆண்டவரோடதைச் சமைச்சுட்டோம்."

நின்ற இடத்திலேயே விழப்போகிறேன் என்று நினைத்தேன். சாக்கின் மறுமுனையைப் பிடித்திருந்த பொன்மலர் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாங்க தெரிஞ்சேதான் எடுத்தோம். போன ஆடியில எங்க மச்சான் வீட்டுல எட்டுப் பேரு சொல்லாம வந்துட்டாங்க."

"நான் ஊறப்போட்டுட்டேன், இட்லிக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க வீட்டுல கோழி தின்னுட்டு."

"கோழியா, நீயா?"

சிரிப்பு வரிசையில் கடைசிவரை போனது. அங்கே நின்றிருந்த போதகரின் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர், தொண்டையைச் செருமினார். எல்லோரும் அடங்கினோம். அவர் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, "ஒரு தடவை பாயசத்துக்குக் குறைஞ்சுது" என்றார்.

ரத்தினபாய் அத்தைக்கு மட்டும் சொல்வதற்கு எதுவும் இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன். என்னைத் தனியே இழுத்து, "அந்தப் படத்தை உரிச்சது நான்தானே பிள்ள?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல மனது வரவில்லை. "தண்ணிதான் அத்தை உரிச்சுது" என்றேன்.

வீட்டில் வந்து அம்மாவிடம் ஒவ்வொருவராக நடித்துக் காட்டினேன். பாயசத்துக்கு வந்தபோது அம்மா, "போதும், போதும், பிள்ளை இங்கேயே வந்துரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

டிசம்பர் 3, புதன்

புது ஏற்பாடு. அரிசியை அம்மாவின் கட்டிலுக்குக் கொண்டுபோய் அளக்கிறேன். பிடி அரிசியை அம்மா எடுக்கிறாள், நான் சொல்கிறேன், அவள் ஆமென் சொல்லிக் கையைத் திறக்கிறாள்.

"நீயும் சொல்லேன்ம்மா" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ மனு எழுது. நான் கையெழுத்துப் போடுதேன்" என்றாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. எழுதியதை மறந்துவிட்டேன், மறந்தது நல்லதுதான். மீன் குழம்பு வைத்தேன், அம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தராமல். அப்பா இரண்டாம் தடவை சோறு வாங்கினார். "உப்பு கொஞ்சம் கூட" என்றார். அப்பா குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். நல்ல காலம் வந்துவிட்டது.

டிசம்பர் 13, சனி

வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியாயிற்று. தெருவிலேயே உயரம் எங்களுடையதுதான். லைன்மேன் வீடு. கல்கலா பலகாரத்துக்கு மாவு பிசைந்து, அம்மாவின் கட்டிலிலேயே பலகை போட்டு உருட்டினோம். தபி உருட்டியவை எல்லாம் பல்லி மாதிரி இருந்தன. பொரித்ததும் அவைதான் முதலில் தீர்ந்தன.

டிசம்பர் 16, செவ்வாய்

விடிவதற்கு முன்னால் அம்மாவைக் கொண்டுபோனார்கள். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கார் கதவைச் சாத்தும் முன் அம்மா, "உளுந்து ஊறப்போட்டிருக்கேன், ஆட்டிரு" என்றாள். ஊறப்போட்டது நான். அதைச் சொல்லாமல் சரி என்றேன்.

ஆட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் கிரைண்டரையும் கழுவி, மறுபடி கழுவினேன்.

மதியம் அப்பா கூப்பிட்டார். ஆபரேஷன். தம்பி. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடி அறையில் வைத்திருக்கிறார்கள். அம்மா நன்றாக இருக்கிறாள்.

"கரண்ட் இருக்காப்பா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கும்மா" என்றார். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

தம்பி மூச்சு தானாக விடுகிறான். ஆனால் பால் குடிக்க மாட்டேன் என்கிறானாம். மூக்கில் குழாய் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். அம்மா எப்படி இருக்கிறாள், தம்பியைப் பார்த்தாளா என்று கேட்டேன். "நாளைக்குப் போய்ப் பாப்பா" என்றார் அப்பா. நேற்றும் அதையேதான் சொன்னார்.

டிசம்பர் 20, சனி

இன்று பள்ளிக்கூடம் கிடையாது. தபியைப் பொன்மலர் அக்காவிடம் விட்டுவிட்டு, ரத்தினபாய் அத்தையோடு பஸ்ஸில் போனேன். அத்தை மடியில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. வாசனையே சொல்லிவிட்டது. சாம்பார்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இளைச்சுட்டியே. சாப்பிடுதியா?" என்று கேட்டாள். தபி, வீடு, மாவு, எல்லாம் கேட்டாள். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். "நாலு நாளாச்சு. பாலை எடுத்துத் தாரா, நான் கொண்டு குடுக்கேன். போய்ப் பாருன்னா, கால் வலிக்குங்கா, நாளைக்குங்கா. வார்டு நர்ஸும் சொல்லிப் பாத்துட்டு. நான் என்ன செய்ய?" அப்பா சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகியபடியே நாலு நாளாக நிற்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

உள்ளே போய், "வாம்மா, போலாம்" என்றேன்.

"தையல் இழுக்கு."

"என் தோளைப் பிடிச்சுக்க."

"நாளைக்கு…"

"பஸ்ஸுக்கு நேரமாயிரும்மா. நான் இன்னும் தம்பியைப் பாக்கல. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

அது பொய் இல்லை. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். என் தோளை அவள் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. வராந்தாவில் மெதுவாக நடந்தோம். வழியில் நின்ற ரத்தினபாய் அத்தைகூட ஒன்றும் பேசாமல் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பெட்டி. மூன்றாவதில் தம்பி. நம் கையளவுதான் இருக்கிறான். சிவப்பு. நெற்றியில் நிறைய சுருக்கம், ஏதோ பரீட்சையில் கேள்வி புரியாதவன் மாதிரி. தலை நிறைய முடி. ஒரு நர்ஸ் அவனைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாலாடையில், அதுதான் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றிலிருந்து அப்படிப் பழக்குகிறார்களாம். ஊற்றியது எல்லாம் கடைவாயில் வழிந்தது. நர்ஸ் துடைத்தார், மறுபடி ஊற்றினார், மறுபடி வழிந்தது.

அம்மாவின் மூச்சு கண்ணாடியில் புகையாகப் படிந்தது. என் முறை என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன்.

"இரு" என்றாள் அம்மா.

நான் நிறுத்தினேன்.

"நான் சொல்லுதேன்."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பின்னால் யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அம்மா, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற சத்தத்தில், "ஆண்டவரே, எனக்கு இவன் வேணும்" என்றாள். அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"ஆமென்" என்றேன் நான்.

நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டார். கண்ணாடிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "கண்ணாடியில சாயாதீங்கம்மா. நீங்கதான் இவன் அம்மாவா? நாலு நாளா எங்க போனீங்க? கையைக் கழுவிட்டு உள்ள வாங்க. எனக்கு மாட்டேங்கான், நீங்க குடுத்துப் பாருங்க" என்றார்.

அம்மாவுக்குப் பச்சை அங்கி மாட்டி, முக்காலியில் உட்காரவைத்து, தம்பியை மடியில் வைத்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முதல் தடவை ஊற்றியது வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. அம்மா பாலாடையைத் தாழ்த்தினாள், எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. அவன் கன்னத்தை விரலால் தடவித் தடவி அவனிடம் ஏதோ பேசினாள். எங்களைத் திட்டுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு பாலாடையின் மூக்கை அவன் உதட்டோரம் வைத்து, அவசரமே இல்லாமல், சொட்டுச் சொட்டாகச் சாய்த்தாள்.

தம்பியின் நெற்றிச் சுருக்கம் ஒன்று கூடியது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. எனக்குப் பக்கத்தில் எப்போது வந்தார் என்று தெரியாமல் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தூக்குச்சட்டியோடு அத்தை.

ரொம்ப நேரம் கழித்து அம்மா தலையை நிமிர்த்தி எங்களைத் தேடினாள். பார்த்ததும், பாலாடையை உயரத் தூக்கி, எங்களுக்குத் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.